வளவுப் படத்தில் என் ஆத்தாவின் சேலை

எங்கள் வீட்டு வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்கட்டில், மாட்டியிருந்த படத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் முதலில் சொன்னது அந்தப் பச்சையைப் பற்றித்தான். "அடி ஆத்தி, என்ன பச்சை! கண்ணைப் பறிக்குதே" என்பார்கள். அடுத்து என் அப்பச்சியின், அதாவது என் தகப்பனாரின், தலைப்பாகைச் சரிகையைப் பார்ப்பார்கள். அப்புறம் காலடியில் விரித்திருந்த நீலக் கம்பளத்தைப் பார்ப்பார்கள். எல்லாம் பார்த்து முடித்துவிட்டுப் போகிற போக்கில், "பக்கத்துல நிக்கிறது யாரு, பொஞ்சாதியா?" என்று கேட்பார்கள். அதுதான் என் ஆத்தா. என்னைப் பெற்றவள். அப்பச்சியின் நாற்காலியை ஒட்டித்தான் நின்றாள், ஆனால் வெள்ளைச் சேலையில் நின்றாள். அவ்வளவு வர்ணத்துக்கு நடுவில் அந்த இடம் மட்டும் பூச விட்டுப்போன இடம் மாதிரி இருந்தது.

மனிதர்கள் படங்களை எப்படி ரசிக்கிறார்கள் என்று கேட்டால் என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது. முகத்தை ரசிப்பதில்லை, வர்ணத்தைத்தான் ரசிக்கிறார்கள். மூக்கு கோணலாக இருக்கட்டும், கண் இடம் மாறி இருக்கட்டும், கிளிப்பச்சையும் குங்குமச் சிவப்பும் பளிச்சென்று இருந்தால் போதும், "உசுரோட இருக்கு" என்று சொல்லிவிடுவார்கள். நான் மட்டும் என்ன, சின்ன வயதில் அந்தப் பச்சைக்கு முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்றவள்தான். வர்ணம் ஆளை இழுக்கத்தான் செய்யும், அதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரே ஒரு வர்ணத்துக்காக ஒரு பெண் காலமெல்லாம் வெந்துபோனதைக் கூட இருந்து பார்த்தவள் நான். அதனால் யாராவது ஒரு படத்தின் அழகைப் பற்றி நீட்டி முழக்க ஆரம்பித்தால் எனக்குச் சட்டென்று கோபம் வந்துவிடுகிறது.

அந்தப் படம் முதலில் வெறும் போட்டோவாகத்தான் இருந்தது. அப்பச்சி பர்மாவில் தொழில் பார்த்தவர். எங்கள் பக்கத்து ஆண்கள் அப்போது அப்படித்தான். கப்பலேறிப் போவார்கள், மூன்று வருஷம் கழித்து வருவார்கள், கொஞ்சநாள் வீட்டில் இருந்துவிட்டு மறுபடியும் கப்பலேறுவார்கள். நான் கைக்குழந்தையாக இருந்தபோது அப்பச்சி வந்திருந்தார். திரும்புகிற நாள் நெருங்கும் நேரத்தில் மதுரையிலிருந்து ஒரு போட்டோக்காரர் காரைக்குடிக்கு வந்தார். அவரை வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். முற்றத்தை ஒட்டித் திரை கட்டி, அப்பச்சியை நாற்காலியில் உட்காரவைத்து, ஆத்தாவைப் பக்கத்தில் நிறுத்திப் படம் பிடித்தார்கள்.

ஆத்தா அன்றைக்குக் கட்டியிருந்தது அரக்குச் சிவப்புப் பட்டு. அந்தப் பயணத்தில் அப்பச்சி எடுத்துக் கொடுத்த சேலை. எதைக் கட்டட்டும் என்று அவள் கேட்டதற்கு, "அரக்கைக் கட்டு, அதுதான் உனக்கு எடுக்கும்" என்றாராம். வீடு நிறைய ஆட்கள் இருக்க, புருஷனும் பெண்சாதியும் பகலில் முகம் பார்த்து நாலு வார்த்தை பேசாத காலம் அது. அந்த ஒரு வார்த்தையை ஆத்தா எத்தனை தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருப்பாளோ, எனக்குத் தெரியாது. என்னிடம் சொல்லும்போதெல்லாம் குரலைத் தணித்துக்கொண்டு, யாரோ கேட்டுவிடுவார்கள் என்பது போலத்தான் சொல்லுவாள்.

போட்டோக்காரர் கண்ணாடித் தகட்டை மதுரைக்குக் கொண்டுபோய்க் கழுவிப் பெரிய படமாகப் போட்டார். அதற்குள் அப்பச்சி கப்பலேறிவிட்டதால் படத்தையும் ரங்கூனுக்கே அனுப்பிவைத்தார். ஆத்தா அதைப் பார்க்கவில்லை. வீட்டில் ஒருவரும் பார்க்கவில்லை.

அடுத்த தவணைக்கு அப்பச்சி வரவில்லை. அவர் காய்ச்சலில் போய்விட்டார் என்று தந்திதான் வந்தது. சில மாதம் கழித்து அவருடைய பெட்டி வந்தது. அப்போது ஆத்தா அறையை விட்டு வெளியே தலைகாட்டக் கூடாது. அவளுடைய வர்ணச் சேலைகளை எல்லாம் எடுத்து உறவிலும் வேலைக்காரிகளுக்கும் கொடுத்தாகிவிட்டது. அரக்குப் பட்டும் அதில் ஒன்றாக யார் கைக்கோ போய்விட்டது. எங்கள் பக்கத்து வழக்கம் அது. தாலி இறங்கின வீட்டில் வர்ணம் தங்கக் கூடாது.

பெட்டியைத் திறந்தது என் அயித்தை. அப்பச்சிக்கு மூத்தவர், பள்ளத்தூரில் வாழ்க்கைப்பட்டவர், துக்கத்துக்கு வந்து தங்கியிருந்தார். அயித்தைக்குக் குரல் ஏழூருக்குக் கேட்கும். வேட்டி, கோட்டு எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த படத்தை எடுத்துப் பார்த்துவிட்டு வளவே அதிரும்படி கத்தினார்.

"இங்க வந்து பாருங்கடி! கறுப்பைக் கட்டிக்கிட்டுப் புருஷன் பக்கத்துல நின்னிருக்கா. எந்தம்பிய அன்னைக்கே முடிச்சுவிட்டாளே, பாவி!"

படத்தில் ஆத்தாவின் சேலை கன்னங்கரேலென்று இருந்தது.

இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்துப் போட்டோத் தகட்டில் சிவப்பு கறுப்பாகத்தான் விழும். தகட்டின் குணம் அது. ரோஜாப்பூவைப் பிடித்தாலும் கரியாகத்தான் தெரியும். அன்றைக்கு எங்கள் வீட்டில் இது ஒருவருக்கும் தெரியாது. ஆத்தா போய்ச் சேர்ந்த பிறகு, என் மகளைப் போட்டோ எடுக்கக் கூட்டிப்போன இடத்தில், அவள் சிவப்புப் பாவாடை கறுப்பாக விழுந்திருப்பதைப் பார்த்து நான் சண்டைக்குப் போனேன். அப்போதுதான் போட்டோக்காரர் எடுத்துச் சொன்னார். அன்றைக்கு நான் அந்தக் கடையில் உட்கார்ந்து அழுத அழுகையை என் மகள் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். ஒரு பாவாடைக்கா இந்த அழுகை என்று நினைத்திருக்கிறாள்.

அது பிற்பாடு. அன்றைக்கு ஆத்தா அறைக்குள் இருந்தே அயித்தைக்குக் குரல் கொடுத்தாள். அயித்தையை அவள் ஆச்சி என்றுதான் கூப்பிடுவாள்.

"ஆச்சி, நான் கறுப்புக் கட்டலை. அரக்குத்தான் கட்டியிருந்தேன். அவுக வாங்கித் தந்தது."

"அப்ப படம் பொய் சொல்லுதாக்கும்?" என்றார் அயித்தை.

படம் பிடித்த அன்று கூட இருந்த பெரியாத்தாவை, அதாவது அப்பச்சியின் அண்ணன் மனைவியைக் கேட்டார்கள். "அரக்குன்னுதான் நெனைக்கேன். கருநீலமோ என்னமோ, யாரு கண்டா" என்று மென்று முழுங்கினார். அவ்வளவுதான். சேலையைக் கொண்டுவந்து காட்டலாம் என்றால் சேலை வீட்டில் இல்லை. அன்றிலிருந்து, கறுப்புக் கட்டிப் புருஷனை அனுப்பியவள் என்ற பேச்சு என் ஆத்தாவின் தலையில் ஏறிக்கொண்டது. அவள் அந்தப் படத்தை அன்றைக்கும் பார்க்கவில்லை, யாரும் காட்டவும் இல்லை. அதனால் அவள் மனசில் ஒன்று ஊன்றிவிட்டது. ஆச்சி நாக்கில் நரம்பில்லாமல் பேசுகிறார், படத்தில் நான் சிவப்பாகத்தான் நிற்கிறேன் என்று. வேறு போட்டோவைப் பார்த்திருந்தாலாவது போட்டோவில் வர்ணமே வராது என்று தெரிந்திருக்கும். அந்தத் துக்கத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒருவரும் போட்டோவுக்கு நிற்கவில்லை, பயம். ஆத்தாவோ நாலு வீட்டு விசேஷத்துக்குப் போகிற நிலையில் இல்லை. அச்சுச் சாமி படங்களைத்தான் பார்த்திருக்கிறாள். அவையெல்லாம் வர்ணமாகத்தானே இருக்கின்றன.

சில வருஷம் போனது. பெரியப்பச்சிக்குத் தம்பியின் படத்தை வர்ணம் தீட்டி மாட்டவேண்டும் என்று ஆசை வந்தது. காரைக்குடியில் புது வீட்டுச் சுவர்களில் பூவும் சாமியும் எழுத வந்திருந்த ஒரு சித்திரக்காரரைக் கூப்பிட்டுவிட்டார். சுவரில் எழுதுகிறவர்தான், போட்டோ வேலை அவருக்குப் புதிது. வாய் ஓயாமல் பேசுகிற மனிதர். முகப்பில் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தார். போட்டோ மேல் நேராக வர்ணம் பிடிக்காதாம், அதனால் துணிமணி இருக்கும் இடங்களில் எல்லாம் மெல்லிசாக ஒரு வெள்ளையை அடியில் பூசிவிட்டு, அதன் மேல் பிசின் கலந்த வர்ணங்களை ஏற்றினார்.

சித்திரக்காரர் வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் ஆத்தாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. எனக்கு ஆறோ ஏழோ வயது. என்னை அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"போய் அந்த ஆளுகிட்டச் சொல்லு. ஆத்தா சேலை அரக்கு. குங்குமம் இல்லை, அதைவிட ஒரு சுத்துக் கூடுதல். மாதுளம்பழத்து முத்து இருக்குல்ல, அதை நசுக்கினா வருமே, அது. கரை மஞ்சள். மறந்துறாதடி."

நான் ஓடிப்போய் ஒப்பித்தேன். அவர் சிரித்துக்கொண்டே கொட்டாங்கச்சியில் சிவப்பைக் குழைத்து, கொஞ்சம் கருமை கலந்து, காகிதத்தில் ஓர் இழுப்பு இழுத்துக் காட்டினார். "இதுவான்னு கேட்டுட்டு வா தாயி." காகிதத்தை ஆத்தாவிடம் கொண்டுபோனேன். அவள் அதை வாங்கிப் பார்த்த பார்வை எனக்கு இப்போதும் தெரிகிறது. "இதேதான்டி. இதே." அழுதாள். சிரிக்கவும் செய்தாள். இனி ஊரே பார்க்கும், நான் என்ன கட்டியிருந்தேன் என்று. அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

நான் முகப்புக்குத் திரும்பி வருவதற்குள் அயித்தை அங்கே வந்து நின்றுவிட்டார். திதிக்காகப் பள்ளத்தூரிலிருந்து வண்டிகட்டி வந்திருந்தார்.

"யாருய்யா செவப்புச் சொன்னது?"

"பிள்ளை வந்து சொல்லுச்சு ஆச்சி. அவுக ஆத்தா சொன்னாகளாம்."

"அறுத்தவளுக்குச் செவப்பா? வெள்ளையைப் பூசும். நெத்திப் பொட்டையும் எடும்."

சித்திரக்காரர் விட்டுக்கொடுக்கவில்லை. என் ஆத்தாவுக்காகப் பேசினார் என்று நினைத்துவிட வேண்டாம், அவர் படத்துக்காகப் பேசினார். "வெள்ளை வச்சாப் படம் எந்திரிக்காது ஆச்சி. பின்னாடி பச்சைத் திரை. பச்சைக்கு முன்னால செவப்பு நின்னாத்தான் ரெண்டும் எடுக்கும். பாக்குறவன் கண்ணு வந்து உக்காருறதுக்கு ஒரு இடம் வேணும்ல. வெள்ளையா விட்டா அங்கன ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும்."

"இருக்கட்டும்."

"படத்துல அவுக வீட்டுக்காரர் உசுரோட உக்காந்திருக்காரே ஆச்சி. பக்கத்துல போய் வெள்ளையிலயா?"

"உமக்கென்ன, பூசிட்டுப் போயிருவீரு. இந்தப் படத்துக்குக் கீழ நடமாடுறது நாங்க. செவப்புல மாட்டிவச்சு ஊரு சிரிக்கவா?"

பெரியப்பச்சி குத்துக்கல்லாட்டம் நின்றார். சித்திரக்காரர் கொட்டாங்கச்சிச் சிவப்பை ஒதுக்கிவைத்துவிட்டு வெள்ளையை எடுத்தார். கனமாகவே பூசினார். புருஷன் உயிரோடு உட்கார்ந்திருக்க, பக்கத்தில் என் ஆத்தா அப்போதே விதவையாகி நின்றாள். இந்தக் கூத்து உலகத்தில் வேறெங்காவது நடக்குமா? எங்கள் வீட்டில் நடந்தது. அதை ஒருவரும் தப்பென்று சொல்லவில்லை.

அந்தக் குறையை ஈடுகட்டத்தான் அவர் மற்ற எல்லாவற்றிலும் வர்ணத்தை அள்ளிக் கொட்டினார். திரையைக் கிளிப்பச்சை ஆக்கினார், கம்பளத்துக்கு மயில்கழுத்து நீலம் கொடுத்தார், தலைப்பாகைக்குத் தங்க ரேக்கு ஒட்டினார். அப்பச்சி கறுத்த மனிதராம், அவரையும் ரோஜா நிறத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். நான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்து என் கன்னத்தைத் தட்டினார்.

"வெசனப்படாத தாயி. உங்காத்தா சேலை எங்கயும் போகலை. கீழ அப்படியேதான் இருக்கு. மேல ஒரு பூச்சு, அம்புட்டுத்தான்."

ஒரு குழந்தையைத் தேற்றச் சொன்ன சொல் அது. நான் அதை அப்படியே ஆத்தாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "கீழ அப்படியே இருக்காம் ஆத்தா." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்படியாடி சொன்னாரு?" என்று கேட்டாள். மறுபடியும் கேட்டாள். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டுதான் அப்புறம் அவள் வாழ்ந்தாள்.

படத்தை மாட்டியதும் உறவு முழுக்க வந்து பார்த்தது. பச்சையைப் புகழ்ந்தார்கள், நீலத்தைப் புகழ்ந்தார்கள். கல்லலிலிருந்து வந்த ஒரு கிழவர், அந்தக் கம்பளத்தைப் பார்த்தால் போய் உட்காரணும் போல இருக்கிறது என்றார். எங்கள் வீட்டுப் படத்தைப் பார்த்துவிட்டுத் தங்கள் வீட்டுப் படத்துக்கும் அதே பச்சை வேண்டும் என்று அந்தச் சித்திரக்காரரைத் தேடிப் போனவர்கள் உண்டு. எனக்கு அப்பச்சி என்றால் அந்த ரோஜா நிற முகம்தான், வேறு முகத்தை எனக்கு ஞாபகம் இல்லை. ஆத்தா மட்டும், "இவுக இம்புட்டுச் செவப்பு இல்லைடி, நல்ல கறுப்பு. கறுப்புலதான் அழகு" என்று சொல்லுவாள். ஒரே படத்தில் அவள் ஒரு மனிதரைத் தேடினாள், நான் வேறொரு மனிதரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் கல்யாணத்தன்று ஆத்தா மணவறைப் பக்கம் வரவில்லை. வரவிடமாட்டார்கள். கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். சடங்கெல்லாம் முடிந்து நான் அறைக்குள் போனதும் என் கூறைச்சேலைத் தலைப்பைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. இதைவிட ஒரு சுத்துக் கூடுதல் அது" என்றாள். எது என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

பெரியப்பச்சி வீட்டுப் பேரனுக்குக் கல்யாணம் வந்தபோது நான் பிறந்த வீட்டுக்கு உதவிக்கு வந்திருந்தேன். நானும் இரண்டு பிள்ளை பெற்றாகிவிட்டது. வீட்டுக்கு வெள்ளையடிக்கப் படங்களை எல்லாம் இறக்கினார்கள். இறக்கும்போது எங்கள் படத்தின் கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது. ஆசாரி கண்ணாடியைக் கழற்றி அளவெடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். படம் வெறும் படமாக ஆத்தாவின் அறை வாசலில் கிடந்தது. மத்தியான நேரம், எல்லாரும் சாப்பிட்டுக் கண்ணயர்ந்திருந்தார்கள்.

ஆத்தா படத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். நான் பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். துணி நுனியைச் செம்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, சேலையின் கால் மடிப்பில் லேசாக ஓர் இழுப்பு இழுத்தாள்.

"என்ன ஆத்தா செய்றீக? பெரியப்பச்சி வையப் போறாக."

"ஒரு ஓரம்தான்டி. ஒரே ஒரு ஓரம். பாத்துட்டு வச்சிருவேன்."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். கல்யாணப் பெண் மாதிரி இருந்தாள். பிசின் வர்ணம்தானே, தண்ணீர் பட்டதும் வெள்ளை கஞ்சியாகக் கரைந்து வந்தது. துடைத்தாள். அடியில் கறுப்பு தெரிந்தது.

அவள் விடவில்லை. இன்னும் கொஞ்சம் மேலே துடைத்தாள். கறுப்பு. கொசுவத்தைத் துடைத்தாள், இடுப்பைத் துடைத்தாள், தோள் வரைக்கும் போனாள். எங்கே துடைத்தாலும் கறுப்புதான் வந்தது. துணியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"செவப்பு எங்கடி?"

எனக்கு அப்போது ஒன்றும் தெரியாதே! "ஈரமா இருக்குல்ல ஆத்தா, அதான் கறுப்பாத் தெரியுது. காஞ்சாச் சரியாயிரும்" என்றேன். அதை அவள் நம்பினாள். படத்தை முற்றத்து வெயிலில் சாய்த்து வைத்துவிட்டு இருவரும் எதிரில் உட்கார்ந்தோம். காக்கை வந்தால் விரட்டினோம். காயக் காய அந்தக் கறுப்பு இன்னும் தீர்க்கமாக ஏறிக்கொண்டு வந்தது. ஓரத்தில் ஒரு பொட்டுச் சிவப்பாவது வந்துவிடாதா என்று நான் கும்பிடாத சாமி இல்லை.

முழுக்கக் காய்ந்த பிறகு ஆத்தா எழுந்தாள். நேரே அயித்தை படுத்திருந்த அறைக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். அயித்தை அப்போது நன்றாகத் தளர்ந்துபோயிருந்தார், கல்யாணத்துக்காகக் கூட்டி வந்திருந்தார்கள். பல் இல்லாத வாயில் இடித்த வெற்றிலையை அதக்கிக்கொண்டு சாய்ந்திருந்தார். ஆத்தா அவர் காலில் விழுந்தாள். சும்மா விழவில்லை, இரண்டு பாதத்தையும் பிடித்துக்கொண்டு தலையை அதில் வைத்துக்கொண்டாள்.

"ஆச்சி, நீங்க சொன்னது சரிதான். அந்தப் படத்துல நான் கறுப்புத்தான் கட்டியிருந்தேன். அரக்கு அரக்குன்னு இத்தனை காலமா உங்களைப் பொய்யாக்கிட்டேன். உங்க தம்பிய நான்தான் ஆச்சி அனுப்பிச்சுட்டேன். என்னை மன்னிச்சிருங்க."

"ஆத்தா, எந்திரிங்க, நீங்க அரக்குத்தான் கட்டியிருந்தீக" என்று தோளைப் பிடித்துத் தூக்கினேன். அவள் எழவில்லை.

அயித்தை மலங்க விழித்தார். என்னைப் பார்த்தார், காலடியில் கிடந்த ஆத்தாவைப் பார்த்தார். அந்த முகத்தில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. ஒன்றும் விளங்காத முகம்.

"என்னடி சொல்றா இவ? எந்தப் படம்? கறுப்பு செவப்புன்னு நான் என்னைக்குச் சொன்னேன்? எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லையே, தாயி."

ஆத்தா அவர் காலை விடாமல் தலையை மட்டும் நிமிர்த்தினாள்.

"நீங்க சொல்லாட்டியும் அதுதான் ஆச்சி நெசம்" என்றாள்.